சந்தியாகப்பரின் தாடி

என் இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்களுக்கு நான் கத்தரிக்கோலை ரெண்டு தடவை சும்மா வெட்டிக் காட்டுவேன். சட்டென்று கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊரில் முடி வெட்டுகிற கடை என்னுடையது ஒன்றுதான். என்னைப் பகைத்துக்கொண்டால் பேருந்து பிடித்து அடுத்த ஊருக்குப் போய்த்தான் வெட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கே வெட்டுகிறவனுக்கு ரெண்டு கண்ணும் சரியில்லை.

எங்கள் வம்சத்தில் ஆண்களுக்கு நெற்றியில் ஆரம்பித்து உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக எங்கும் முடி. பெண்களுக்குத் திட்டுத் திட்டாக. எனக்கு இடது கன்னத்திலும் வலது தோளிலும். தலைநகரத்திலிருந்து டாக்டர்கள் வந்து எல்லோரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறவியிலேயே வருவது, வியாதி இல்லை, ஒட்டாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஊருக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. ஊரிடம் இதைவிட ருசியான கதைகள் இருந்தன.

எங்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்தில் ஒருத்தியைக் கரடி தூக்கிப் போனதாம். அது ஒரு கதை. எங்கள் தாயாதி ஒருத்தி வயிற்றுப்பிள்ளையோடு, இடுப்பில் சிவப்பு நூலும் ஊசியும் செருகிக்கொள்ளாமல் கிரகணத்து நிலாவை அண்ணாந்து பார்த்தாளாம். அது இன்னொன்று. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் ஓநாய்தான். பௌர்ணமி வந்தால் நாங்கள் மலையேறிப்போய் ஊளையிடுவோமாம். நான் ஊளையிட்டது என் புருஷன் உயிரோடு இருந்தபோதுதான். அவர் மெஸ்கால் குடித்துவிட்டு வந்த நாட்களில். அதற்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை.

ஊர் எங்களைப் பார்த்துப் பயப்பட்டதில்லை. கேலி உண்டு, பயம் கிடையாது. சேவல் சண்டைக்குப் போகிறவன் போகிற வழியில் என் தம்பி நசாரியோவின் கையை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போவான், ராசியாம். குழந்தை எதையாவது கண்டு பயந்து தூங்காமல் அழுதால் தாய்மார்கள் நசாரியோவிடம் ரெண்டு முடி கேட்டு வாங்கிப்போய்ப் புகை காட்டுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே பிடுங்கிக் கொடுப்பான். குதிரைக்கு லாடம் அடிக்கிறவன் அவன். எவ்வளவு முரட்டுக் குதிரையும் அவன் கிட்டப்போய் நின்றால் மூக்கை அவன் கன்னத்தில் வைத்துத் தேய்க்கும்.

அவன் பெண்டாட்டி நியெவெஸ்ஸுக்குப் போன வருஷம் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். நசாரியோ கொட்டடியில், சாணியிலேயே முழங்கால் போட்டான். "சந்தியாகப்பரே, ரெண்டு உசுரையும் குடுத்துடும். அடுத்த திருவிழாவுக்கு உம்ம குதிரையில நான் வர்றேன்" என்று நேர்ச்சை வைத்தான். ரெண்டு உயிரும் பிழைத்தது. பெண் குழந்தை. காதிலும் முதுகிலும் கறுகறுவென்று முடி. மருத்துவச்சி தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பன் பேரைக் கேக்கவே வேணாம்" என்றாள். சந்தியாகப்பர் பெயரையே பெண்ணுக்கு மாற்றி ஹகோபா என்று வைத்தார்கள்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் சந்தியாகப்பர் குதிரையில் வந்து தஸ்தோவான்களோடு சண்டை போடுவார். தஸ்தோவான்கள் என்றால் அவரை எதிர்த்து நிற்கிற முரட்டுப் படை; தேளும் பாம்பும் வரைந்த முகமூடி, குதிரைவால் முடியில் இடுப்புவரை தொங்கும் ஜடை, கையில் கழி. நசாரியோ இத்தனை வருஷமும் தஸ்தோவானாகத்தான் ஆடினான். "உனக்கென்னடா, முகமூடிச் செலவு மிச்சம்" என்று வருஷம் தவறாமல் யாராவது ஒருவன் சொல்லுவான். வருஷம் தவறாமல் எல்லோரும் சிரிப்பார்கள்.

சந்தியாகப்பராக வருவது அப்படி இல்லை. அது நேர்ச்சை வைத்தவனுக்கு மட்டும். முதல் நாளே அவன் கோயிலின் உள்ளறைக்குள் போய்விட வேண்டும். மறுநாள் சாயங்காலம் கோயில் கதவு திறந்து குதிரை வெளியே வரும். ஊர் அவனைப் பார்த்து அடையாளம் கண்டு ஒரே குரலில் அவன் சொந்தப் பெயரைக் கூவ வேண்டும். அதுவரை அவன் வாயைத் திறக்கக் கூடாது, விரலை அசைக்கக் கூடாது, கோயிலில் இருக்கிற சுரூபச் சிலை மாதிரி இருக்க வேண்டும். திருவிழாத் தலைவரைத் தவிர யாரும் அவனைத் தொடவும் கூடாது. பெயர் கேட்ட பிறகுதான் தஸ்தோவான்களின் ராஜா கழியைத் தூக்குவான். மாலை ஜெப மணி அடிப்பதற்குள் இது நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அந்த வருஷம் சண்டை இல்லை, அவன் நேர்ச்சையும் செல்லாது. முன்னொரு காலத்தில் ஒரு பண்ணையார் வெளியூர் ஆளைக் கூலிக்குப் பிடித்துக் குதிரையில் ஏற்றினாராம். அந்த வருஷம் சோளம் முழங்காலுக்கு மேல் வளரவில்லை. அதிலிருந்து இந்த ஏற்பாடு.

இந்த வருஷம் திருவிழாத் தலைவர் தோன் அபுந்தியோ. நல்ல மனிதர்தான். ஆனால் வடக்கே எல்லை தாண்டிப் போய் ஓட்டல் வைத்துச் சம்பாதித்து வந்ததிலிருந்து, எதற்கெடுத்தாலும் "பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று ஒரு கவலை. சனிக்கிழமை சவரத்துக்கு என் நாற்காலியில் மல்லாந்திருந்தபோதுதான் நசாரியோ உள்ளே வந்து கேட்டான்.

"மாட்டேன்னு சொல்லலப்பா" என்றார் அவர், சோப்பு நுரைக்குள்ளிருந்து. "நேர்ச்சை நேர்ச்சைதான். ஆனா சந்தியாகப்பர் முகம் எப்படி இருக்கும்? நீயே கோயில்ல பாத்திருக்கல்ல?"

"தாடி இருக்கு" என்றேன் நான்.

"தாடி தாடையில இருக்கு தொமாசா. நெத்தியில இல்ல."

"நெத்தியில இருந்தா மோட்சத்துக்குள்ள விட மாட்டாங்களா?"

"நீ வேலையைப் பாரும்மா. நசாரியோ, நான் சொல்றதக் கேளு. வடக்கேருந்து நம்ம பிள்ளைங்கல்லாம் லீவுக்கு வருவாங்க. ஆளுக்கொரு போன். குதிரை மேல ஓநாய் மனுசன்னு படம் புடிச்சுப் போட்டானுங்கன்னா உலகம் பூராச் சிரிக்கும். உன்னைப் பாத்துச் சிரிச்சா நீ பழகிட்ட. சந்தியாகப்பரைப் பாத்துச் சிரிச்சா நான் எங்க போயி முட்டிக்கிறது?"

"நான் என்ன செய்யணும் அய்யா?"

"முகத்தை மழிச்சுட்டு வா. கையுறை, முழங்கால் பூட்ஸ், கழுத்து வரைக்கும் பட்டன் வச்ச சட்டை எல்லாம் நான் தர்றேன். ஒரு முடி வெளிய தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடாத. நேர்ச்சை வச்சது நீதான்னு ஊருக்கே தெரியும், பேரைத் தானா கூவிடுவாங்க. மழிச்சது சண்டை முடிஞ்சப்புறம் தெரிஞ்சா போதும்."

அந்த நேரத்தில் என் கத்தி அவர் தொண்டையில் இருந்தது. அதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அவர் போன பிறகு நான் நசாரியோவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, நீ என்ன கல்யாணச் சமையலுக்கு உரிக்கிற ஆடா? அந்தாளு உரின்னா உரிச்சுக்குவியா?"

"கத்தாத அக்கா. நேர்ச்சை வச்சப்ப தாடியோட வர்றேன்னா சொன்னேன்? வர்றேன்னுதானே சொன்னேன்."

"வந்தா நீ வரணும். எவனோ ஒருத்தன் வழவழன்னு வந்து நின்னா அது உன் நேர்ச்சை எப்படிடா ஆகும்? அப்பா மழிச்சாரா? தாத்தா மழிச்சாரா? சர்க்கஸ்காரன் வந்து காசைக் கொட்டுறேன்னப்பகூட 'எங்க முடி எங்களுது, போடா'ன்னு தொரத்தின வம்சம்டா இது!"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஹகோபா உசுரோட இருக்கா அக்கா."

"சரி, கத்தியைத் தீட்டி வைக்கிறேன்" என்றேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் கடைக்கதவைச் சாத்திவிட்டு அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலில் கத்தரிக்கோல். நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு, காது என்று கொத்துக் கொத்தாக விழுந்தது. ஆட்டு ரோமம் மாதிரி முரட்டு முடி இல்லை எங்களுடையது. மெத்தென்று, நீளமாக, வெயிலில் கொஞ்சம் செம்பட்டையாகத் தெரியும். பிறகு வெந்நீர், சோப்பு, கத்தி. கத்தி மழுங்க மழுங்கத் தீட்டினேன். தீட்டும்போதெல்லாம் தோன் அபுந்தியோவின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். நசாரியோ கண்ணை மூடிக்கொண்டு, "வெட்டிடாத, வெட்டிடாத" என்று முனகிக்கொண்டிருந்தான். அப்படியும் ரெண்டு இடத்தில் கீறிவிட்டது.

கடைசியில் துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து வெயில் படாத முகம், மாவு மாதிரி வெளுத்திருந்தது. தாடையில் ஒரு குழி. எங்கள் அம்மாவுக்கு இருந்த அதே குழி. இவனுக்கும் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் அழுதேன். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாருக்கா இந்தாளு?" என்றான். அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரெண்டையும் செய்தோம்.

கீழே கிடந்ததை ஒரு முடி விடாமல் கூட்டி, சோளமாவுப் பையில் போட்டுக் கட்டினேன். எங்கள் முடியைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது, பறவை எடுத்துக் கூடு கட்டினால் முடிக்காரனுக்குத் தலைவலி வரும் என்பாள் அம்மா. அவள் சொன்னதில் பாதியை நான் நம்புவதில்லை. ஆனால் இதில் மட்டும் எதற்கு வம்பு என்று விட்டுவிடுவேன்.

அப்போதுதான் நியெவெஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும், ஆனாலும் அவனைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தாள். "பரவால்ல, நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள், குரலில் கொஞ்சமும் உறுதியில்லாமல். ஹகோபா எப்போதும் அவன் கன்னத்து முடியை ஒரு கைப்பிடி பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். பகலிலும் அவன் தூக்கினால் முதல் வேலை அதுதான். அவன் கையை நீட்டி, "வாடா தங்கம், அப்பாடா" என்றான். குழந்தை அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. பிறகு ஒரு வீறல் வீறியது பாருங்கள், தெருவில் நாய்கள் எல்லாம் குரைத்தன. அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்றுவிட்டது.

நசாரியோ நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். போர்வையைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, சொந்த ஊரில் திருடன் மாதிரி சந்து வழியாகக் கோயிலுக்குப் போனான்.

மறுநாள் சாயங்காலம் சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. கூரை மேலெல்லாம் பிள்ளைகள். குழல்காரரும் மேளக்காரரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தஸ்தோவான்கள் கழியோடு கழி தட்டிக்கொண்டு குதித்தார்கள். ராஜா வேஷம் பன்றிக்கறி விற்கிற ஃபிதென்சியோவுக்கு. முகமூடி போட்டிருந்தாலும் அவன் தொந்தியை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடலாம். நான் நியெவெஸ்ஸோடு முன்வரிசையில் நின்றேன்.

நான் கவனித்த ஒன்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்க நசாரியோவின் பெயரைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றது. அவன் நேர்ச்சை வைத்தது யாருக்குத் தெரியாது? மருத்துவச்சிக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமிச் செருமிப் பழகிக்கொண்டிருந்தார்.

கோயில் கதவு திறந்தது. வெள்ளைக்குதிரை வந்தது. மேலே சிவப்பு அங்கி, இறகு வைத்த தொப்பி, கையில் வாள். தொப்பிக்குக் கீழே, உரித்த முட்டை மாதிரி ஒரு முகம்.

"ந..." என்று வாயைத் திறந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். மேளம் தடுமாறி நின்றது. குதிரை கனைத்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

"யாருய்யா இது?" என்றார் கிழவர்.

ஃபிதென்சியோ முன்னால் வந்து குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "பேரு?" என்று ஊரைப் பார்த்துக் கேட்டான். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டான். பிறகு கழியைத் தரையில் போட்டுவிட்டு, தொந்தியைப் பிடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் பின்னால் எல்லாத் தஸ்தோவான்களும் உட்கார்ந்தார்கள்.

அவ்வளவுதான். ஊர் வெடித்தது.

"நசாரியோ எங்க?"

"வெளியூர்க்காரனைப் புடிச்சு ஏத்திட்டானுங்கடா! மறுபடியும் பண்ணையார் வேலை!"

"அபுந்தியோ! என்னய்யா பண்ணின எங்க நசாரியோவை? முடி இருக்குன்னு வேணாம்னுட்டியா?"

வடக்கேயிருந்து வந்த பையன் ஒருவன், காதில் கடுக்கனோடு, போனைத் தூக்கிக் காட்டிக் கத்தினான்: "மூணு பஸ்ஸு மாறி வந்தேன்யா நான்! நசாரியோ மாமா குதிரையில வர்றதப் படம் புடிச்சு அங்க இருக்கிற நம்மாளுங்களுக்குக் காட்டணும்னு! இந்த மூஞ்சியப் புடிக்கவா வந்தேன்? இந்த மாதிரி மூஞ்சிதான் அங்க தெருவுக்குத் தெரு இருக்கே!"

"இறக்குடா அவனை! நசாரியோ வரட்டும்!" என்று யாரோ ஆரம்பிக்க, "நசாரியோ வரட்டும்! நசாரியோ வரட்டும்!" என்று கூரை மேல் பிள்ளைகள் காலால் தாளம் போட்டன.

நான் என் தம்பியைப் பார்த்தேன். சட்டப்படி அசையாமல்தான் இருந்தான். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழவழப்பான கன்னத்தில் தடுக்க ஒரு முடி இல்லை. நேராகத் தாடைக்குழிக்கு வந்து சொட்டியது. இவனைப் பார்த்தா ஊர் சிரிக்கும் என்று அந்த மனிதர் பயந்தார்?

நியெவெஸ், "அவர்தாங்க அது! என் வீட்டுக்காரர்தான்!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த பெண் அவள் தோளைத் தட்டி, "அழாத தாயி, உன் புருசனை நாங்க விட்டுக்குடுக்க மாட்டோம்" என்று சமாதானம் சொன்னாள்.

தோன் அபுந்தியோ வியர்த்துக் கொட்ட நடுவில் ஓடி வந்தார். "அடேய், இவன்தான்டா நசாரியோ! சத்தியமா இவன்தான்!"

அதற்கு எழுந்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன.

"இவன் நசாரியோன்னா நான் பிஷப்பு" என்றான் ஃபிதென்சியோ முகமூடிக்குள்ளிருந்து.

"மழிச்சிருக்கான்டா! நான்தான் மழிக்கச் சொன்னேன்! வேணும்னா தொமாசாவைக் கேளுங்க. தொமாசா! வா இங்க, நீயே சொல்லு!"

ஊர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நிதானமாக நடுவில் போனேன். குதிரையின் மேல் இருந்தவனை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். எனக்குள் ஒரு பேய் புகுந்துகொண்டது, வேறென்ன சொல்ல.

"என் தம்பிக்கு முகம் பூரா முடிங்க" என்றேன். "நெத்தியில இருந்து இருக்கும். இந்த ஆளை நான் பாத்ததே இல்ல."

"அடிப்பாவி!" என்றார் தோன் அபுந்தியோ.

அந்தச் சந்தோஷம் எனக்குப் பால் பொங்குகிற நேரம்கூட நிற்கவில்லை. மணிக்கூண்டில் கோயில்பிள்ளை ஏறிக்கொண்டிருந்தார். நசாரியோவின் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. கோபமே இல்லை அதில். கெஞ்சல்தான். கொட்டடிச் சாணியில் முழங்கால் போட்ட அதே முகம், முடி இல்லாமல். ஆனாலும் நான் தொமாசா.

"ஒண்ணு பண்ணுங்க அய்யா" என்றேன் தோன் அபுந்தியோவிடம், ஊருக்கே கேட்கிற மாதிரி. "இவன் என் தம்பின்னா சட்டைக்குள்ள இருக்கும். தெறந்து காட்டுங்க."

"நானா?"

"மூடச் சொன்னது நீங்கதானே? நீங்களே தெறங்க. தொட உங்களுக்குத்தான் உரிமை. சீக்கிரம், மணியடிக்கப் போறாங்க."

அவர் என்னைப் பார்த்தார், மணிக்கூண்டைப் பார்த்தார், பொறுமை இழந்துகொண்டிருந்த தஸ்தோவான்களைப் பார்த்தார். குதிரையின் சேணத்தைப் பிடித்து எக்கி, முதல் பட்டனைக் கழற்றினார். ரெண்டாவது கழலவில்லை. பிடித்து இழுத்தார். எல்லாப் பட்டனும் தெறித்தது. கிழிந்த மெத்தையிலிருந்து பஞ்சு வருவது போலக் கழுத்திலிருந்து தொப்புள் வரைக்கும் செம்பட்டை முடி பொங்கிக்கொண்டு வெளியே வந்தது. சாயங்கால வெயிலில் அது தகதகத்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த கிழவர்தான் முதலில் கத்தினார். அடுத்த நொடி சதுக்கம் முழுக்க ஒரே குரல்.

"நசாரியோ!"

அப்படி ஒரு கூவல் எங்கள் ஊரில் அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. ஃபிதென்சியோ துள்ளி எழுந்தான். அந்தத் தொந்தியோடு எப்படி எழுந்தானோ! கழியை எடுத்து, "பேரு கேட்டாச்சு!" என்று ஊளையிட்டான். தஸ்தோவான்கள் பாய்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. சட்டை திறந்தபடியே என் தம்பி சண்டை போட்டான். வாள் பட்டு ஒவ்வொருவனாக விழுந்தான். கடுக்கன் பையன் அழுதுகொண்டே படம் பிடித்தான். ஃபிதென்சியோ விழுவதற்கு முன்னால் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "டேய், அடுத்த தடவை உன் மூஞ்சியோட வாடா, எருமை! நெஞ்சு வலி வந்துருச்சு எனக்கு" என்று திட்டியது எனக்குக் கேட்டது.

சண்டை முடிந்ததும் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். சந்தியாகப்பரின் வாள் தலையில் பட்டால் பயம் தெளியும். எல்லாக் குழந்தையும் சிரித்தது, அவன் நெஞ்சு முடியை இழுத்துப் பார்த்தது. கடைசியில் நியெவெஸ் வந்தாள். ஹகோபா அந்த முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. மறுபடி அதே வீறல்.

இரவு என் வீட்டில் சோளக்கஞ்சி சாப்பிட உட்கார்ந்தபோது அவன் கிண்ணத்தைத் தொடவில்லை. "ஊரே கண்டுபிடிச்சுதுக்கா" என்றான். "அவ கண்டுபிடிக்கல."

"வளர்ந்துரும்டா. முடிதானே?"

"அதுவரைக்கும் நான் யாரு அவளுக்கு?"

அதுதான் என்னைக் குடைந்தது. காலையில் எழுந்ததும் சோளமாவுப் பை கண்ணில் பட்டது.

ரெண்டாம் நாள் சந்தியாகப்பர் சுரூபத்தின் ஊர்வலம். சுரூபத்துக்கு உடை மாற்றுவது எங்கள் ஊரில் பெண்களின் பாத்தியதை. அந்த நேரத்தில் பங்குச்சாமியாரே உள்ளே வர மாட்டார், தலைவர் எம்மாத்திரம்? சுரூபத்தின் தாடி நிஜ முடியில் செய்தது. எந்தக் காலத்திலோ எவளோ ஒரு சீமாட்டி நேர்ந்துகொண்டு கொடுத்த கூந்தல். பூச்சி அரித்துப் பாதி கொட்டிவிட்டது. போன வருஷ ஊர்வலத்தில் மீதிப் பாதியும் கழன்று, வழியில் விற்றுக்கொண்டிருந்த ஆட்டுக்கறிக் குழம்பில் விழுந்தது. அந்தக் குழம்பையும் புனிதம் என்று சொல்லி விற்றார்கள். அதன் பிறகு எதையோ ஒட்டி வைத்திருந்தார்கள்.

நானும் நியெவெஸ்ஸும் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து, நசாரியோவின் முடியை அலசி, சீவி, மெல்லிய துணியில் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டோம். முடி வேலையில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுரூபத்துக்குக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். செம்பட்டைத் தாடி நெஞ்சுவரை புரண்டது. புருவத்துக்கும் கொஞ்சம் வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, சந்தியாகப்பருக்கே பத்து வயது குறைந்துவிட்டது.

கதவைத் திறந்ததும் தோன் அபுந்தியோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "ரொம்ப லட்சணமா இருக்கே! எங்கம்மா வாங்கின?"

"உள்ளூர்ச் சரக்குதான் அய்யா. நீங்க வேணாம்னு சொன்னது."

அவர் ஊருக்கு விஷயம் பரவுவதற்குள் அசடு வழிந்துகொண்டு தோளில் சுரூபத் தேரின் முன்கட்டையை ஏற்றிக்கொண்டார்.

ஊர்வலம் கிளம்புமுன் குழந்தைகளைத் தூக்கிச் சந்தியாகப்பருக்கு முத்தம் கொடுக்க வைப்பது வழக்கம். நியெவெஸ் ஹகோபாவைத் தூக்கிப் பிடித்தாள். குழந்தை சந்தியாகப்பரைப் பார்த்தது. கண் விரிந்தது. ரெண்டு கையையும் நீட்டி அந்தத் தாடியை ஒரு கைப்பிடி பிடித்துக்கொண்டு, அதில் கன்னத்தை வைத்து, "ப்பா" என்றது.

கோயிலில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். ஃபிதென்சியோ சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி ரெண்டு அணைந்தது. நசாரியோ மட்டும் ஓரமாக, முளைக்க ஆரம்பித்திருந்த முகத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

விரலைப் பிரிக்கப் பார்த்தோம். விடவில்லை. பிரித்தால் அலறினாள். தேரைத் தூக்கியவர்கள், "என்னம்மா, தோள் வலிக்குது, புறப்படலாமா வேணாமா?" என்று சத்தம் போட்டார்கள். சுரூபம் உயரத்தில் இருந்தது. அவ்வளவு உயரத்தில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்ற நியெவெஸ்ஸுக்கு எட்டாது. எனக்கும் எட்டாது.

"டேய் நசாரியோ" என்றேன். "வந்து உன் பொண்ணைப் புடி. உனக்குத்தான் எட்டும்."

அவன் தயங்கித் தயங்கி வந்தான். கையுறை இல்லை, சட்டைக்கை மடித்திருந்தது. குழந்தையை வாங்கினான். ஹகோபா அவன் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அழுவதா வேண்டாமா என்று யோசித்தாள். அழுதால் தாடியை விட வேண்டியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கையால் சந்தியாகப்பரின் தாடியைப் பிடித்தபடியே, மற்றக் கையால் அவன் முன்கையைத் துழாவினாள். அங்கே இருந்தது அதே முடி. அதையும் பிடித்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். பிறகு அவன் மழித்த கன்னத்தில், முள் முள்ளாகக் குத்துகிற அந்தக் கன்னத்தில், ஒரு அடி கொடுத்தாள்.

"அடிடா தங்கம், நல்லா அடி" என்றான் நசாரியோ.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் குழலும் மேளமும், நடுவில் சந்தியாகப்பர், அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு ஹகோபா, அவளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்துகொண்டு என் தம்பி. ஊரை முழுக்கச் சுற்றி வந்தோம். பாதி வழியில் அவள் தூங்கிவிட்டாள். அப்போதும் ரெண்டு கையும் விடவில்லை.

தேரை இறக்கி வைத்துவிட்டுத் தோன் அபுந்தியோ தோளைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அடுத்த வருசம் நேர்ச்சைக்கு வெள்ளாட்டுக்காரன் மகன் கேட்டிருக்கான் தொமாசா" என்றார், தாடியையும் நசாரியோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. "அவனுக்கு மீசைகூட ஒழுங்கா முளைக்கல. சந்தியாகப்பர் மாதிரி இருக்க வேணாமா? ஏதாச்சும் ஒட்டிவிட முடியுமா உன்னால?"

"பையில கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றேன்.